ஓடலாம் என்று எழுதிக் கொடுத்த சீட்டு

போன மாதம் புதுக்கோட்டையில் ஓட்டக் குழு ஒன்று என்னைப் பேச அழைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி ஓடுகிறவர்கள். வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் சிலர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிவிட்ட ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்க அவர்களுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. எந்தக் கம்பெனி ஷூ வாங்கலாம்? அரை மணி நேரம் ஷூவைப் பற்றியே பேசிவிட்டு இறங்கினேன்.

என்னோடு வந்திருந்தவள் அனிதா. பன்னிரண்டு வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். இப்போது என் நாற்காலியில் இருக்கிறாள். திரும்பும் வழியில் சொன்னாள், "வினோதினி கதையச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"ஓட வந்தவங்கள எதுக்குப் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்."

"அப்ப எழுதியாச்சும் குடுங்க. கேமரா வச்ச டிரெட்மில் ஒண்ணு வந்துருக்கு. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்க நோயாளிய அதுல ஏத்திப் பாத்தாலே எல்லாம் தெரிஞ்சிரும்னு நெனைக்குதுங்க."

அவளுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

நான் படித்தது திருச்சியில். படிப்பில் பாதத்துக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. எலும்புகளின் பெயரை ஒப்பித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். வேலை கிடைத்து, இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மெழுகு ஒத்தடமும் ஒலி அலைக் கருவியும்தான். பாதத்தைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் எலும்பு மருத்துவர் ஜமால். கோட்டைப்பட்டினத்துக்காரர். இடையில் இரண்டு முறை மாற்றலாகிப் போனாலும் திரும்பத் திரும்ப எங்கள் மருத்துவமனைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். "செருப்பக் கழட்டிக் குடுங்க" என்பார். டாக்டர் கையில் செருப்பைக் கொடுப்பதா என்று ஆட்கள் கூசுவார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் விளிம்பில் குதிகால் பக்கம் தன்னைப் பார்த்திருக்கும்படி வைப்பார். வெளிச்சத்தில் தேய்மானம் தெரியும். "வலது குதி மட்டும் தேஞ்சிருக்கு. எடது கால ஊனாம நடக்குறீங்க. எத்தன நாளா?" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். அதன் பிறகுதான் பெயர், ஊர், வேலை எல்லாம். கடைசியாகக் கட்டைவிரல். வலிக்கிற எலும்பின் மேல் ஒரு அங்குலம் விடாமல் அழுத்திக்கொண்டே போவார், கண் மட்டும் நோயாளியின் முகத்தில் இருக்கும்.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், இராணுவத்துக்கு ஓடிப் பழகிய ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. தசை வீக்கம் என்று முடிவு கட்டி மூன்று வாரம் ஒலி அலை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜமால் சார் ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்தவர் அவனிடம் கேட்டார், "தம்பி, வலி எங்க இருக்கு? ஒரு வெரலால காட்டுவியா, கையால காட்டுவியா?"

அவன் ஒற்றை விரலை ஒரு இடத்தில் வைத்தான். சார் அதே இடத்தில் அழுத்தினார். அவன் கட்டிலில் இருந்து துள்ளினான். எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அவனை அனுப்பிய பிறகு என்னிடம் சொன்னார், "மூணு வாரமா மெஷின வச்சீங்க கஸ்தூரி. வெரல வச்சீங்களா?"

அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பிறகு முப்பது வருடம் நான் விரலை வைத்தேன். கையை அகல விரித்துத் தடவிக் காட்டினால் தசை. ஒற்றை விரலால் காட்டினால் எலும்பு. முன்னெலும்புக்கும் பாதத்து எலும்புகளுக்கும் அது பெரும்பாலும் தப்பியதில்லை.

ஓடும்போது என்ன நடக்கிறது என்பதையும் அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது. ஓடும்போது இரண்டு காலும் காற்றில் இருக்கும் நொடி ஒன்று உண்டு. அதை அடுத்து மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து விழுகிறது. தரையைத் தொட்டதும் பாதத்தின் வளைவு கொஞ்சம் தாழ்ந்து, பாதம் உள்பக்கமாகச் சற்றே சரியும். பலரும் அதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது அடியை வாங்கிக்கொள்ளும் வழி. பிறகு அதே பாதம் விறைத்து, பெருவிரல் அடியை ஊன்றி, உடம்பை முன்னே தள்ளும். பாதம் வாங்கியது போக மிச்ச அடி முன்னெலும்புக்கு, அதற்கும் மேலே தொடைக்கு, இடுப்புக்கு. அடி வாங்க வாங்க எலும்பு கெட்டிப்படும். அதற்கு நடுவில் ஓய்வு வேண்டும், சாப்பாடு வேண்டும். இரண்டும் கிடைக்காத எலும்பில்தான் விரிசல் விழும்.

ஷூ அளவு எடுப்பதை நானே ஒரு முறையாக வைத்துக்கொண்டேன். சாயங்காலம்தான் எடுப்பேன், பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால். காக்கித்தாளை விரித்து இரண்டு காலிலும் சமமாக நிற்கச் சொல்வேன். உட்கார்ந்து எடுத்த அளவு பொய். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் வரைந்து, அந்தப் படத்தின் மேல் அவர்கள் ஷூவை வைப்பேன். படம் ஷூவை விட்டு வெளியே தெரிந்தால் வேறு பேச்சு வேண்டாம். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், அந்த நீண்ட விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஷூவை மடக்கினால் பாதம் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடு வயிற்றில் மடங்கக் கூடாது. அறந்தாங்கிப் பையன் ஒருவனுக்குத் துபாயிலிருந்து மாமா அனுப்பிய விலையுயர்ந்த ஷூ. ஒன்றரை அளவு பெரிது. உள்ளே கால் வழுக்கி வழுக்கிப் போய் முட்டியே பத்து நகமும் கறுத்துவிட்டது. சின்ன ஷூதான் கடிக்கும் என்று நினைத்திருந்தான்.

வினோதினி என்னிடம் முதலில் வந்தது ஷூவுக்காகத்தான். ஆறு வருடம் இருக்கும். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அறந்தாங்கிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். பட்டப்படிப்பு முடித்துவிட்டு, துணை ராணுவத் தேர்வுக்காக ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். மைதானத்தை நான்கு சுற்று, குறித்த நேரத்துக்குள் ஓடிவிட்டால் வேலை கிட்டத்தட்ட உறுதி. பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், மாஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓட விடுவார்.

நகங்கள் கறுத்திருந்தன. முன்னெலும்பில் கையகல வலி. தாளில் வரைந்து ஷூவை வைத்தேன். ஐந்து விரல் நுனிகளும் வெளியே நின்றன.

"இந்த சைஸ் செருப்புத்தான் மேடம் போடுவேன்" என்றாள்.

"செருப்புல வெரல் வெளிய நீட்டிக்கும். ஷூவுக்குள்ள எங்கிட்டுப் போகும்?"

சிரித்தாள். பழையதைவிட ஒன்றரை அளவு பெரிய ஷூ வாங்க வைத்தேன், குதிகால் நழுவாமல் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தேன், கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள்.

"இப்ப எட்டு கிலோமீட்டர் ஓடுறேன் மேடம். வலியே இல்ல."

கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "என்ன இப்புடி மெலிஞ்சுட்டே?" என்றேன்.

"வெயிட் கொறஞ்சா டைமிங் வரும்னு மாஸ்டர் சொன்னாங்க. ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்திட்டேன்."

"ரொம்பக் கொறச்சுராதே" என்று சொல்லிவிட்டு, அவள் போனதும் அனிதாவிடம் பெருமை பேசினேன். பாரு, ஒரு ஷூவை மாற்றியதில் ஒரு பெண் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறாள். நகமும் முன்னெலும்பும் வலித்தவரை அந்த வலி அவளை ஓரளவு நிறுத்தி வைத்திருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை வலி இடது தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்பில். ஓடும்போது வருகிறது, படுத்தால் குறைகிறது, இரண்டு நாளாகப் படுத்தாலும் லேசாக வலிக்கிறது என்றாள். எங்கே என்று கேட்டேன். கையை விரித்துத் தொடையின் முன்பக்கம் முழுவதும் தடவிக் காட்டினாள். கையகல வலி.

இடுப்பு மூட்டு அத்தனை சதைக்கு அடியில் இருக்கிறது. அங்கே எலும்பு விண்டாலும் விரலால் காட்ட முடியாது. விரல் கணக்கு அங்கே செல்லாது. படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் முப்பது வருடப் பழக்கம்தான் முன்னால் வந்து நின்றது. காலை உள்பக்கமாகத் திருப்பினேன், வலித்தது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், முகம் சுளித்தாள். தொடை உள்தசைப் பிடிப்பு என்று எழுதினேன். எக்ஸ்ரேயும் எடுக்க வைத்தேன். பணியில் இருந்த மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பி, முடிவு வரும்வரை அந்தக் கால் தரையிலேயே படாமல் ஊன்றுகோல் கொடுத்திருக்க வேண்டும். ஜமால் சார் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். அவர் மனைவிக்கு மதுரையில் இதய அறுவைச் சிகிச்சை, அவர் விடுப்பில் இருந்தார். ஒரு போன் செய்திருக்கலாம். அந்த நேரத்தில் அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன்.

"ஓடாதே. முழு ஓய்வு" என்றேன்.

"பன்னண்டு நாள்ல செலக்‌ஷன் மேடம். வயசு வரம்புக்கு இன்னும் ஒரு வருஷந்தான். அப்பாவுக்கு முதுகு போயிருச்சு, மூட்டையே தூக்க முடியல. இது போனா அடுத்து என்னன்னே தெரியல."

"ஒரு வாரம் ஓடாம இரு. அப்புறம் வா, பாப்போம்."

எட்டாம் நாள் வந்தாள். வலி போய்விட்டது என்றாள். குதிக்கச் சொன்னேன். இடது காலில் பத்து முறை குதித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஊரில் தினமும் வலி ஊசி போட்டுக்கொண்டிருந்தாள் என்பதும், அன்று காலையிலும் ஒன்று போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

"மாஸ்டர் ஆஸ்பத்திரில எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க மேடம். இல்லன்னா வேன்ல ஏத்த மாட்டேங்கிறாங்க."

அந்த மாஸ்டரை வெகுநாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வரச் சொன்னார். தெரிந்தவள் நான். ஓ.பி. சீட்டின் பின்பக்கம், 'வலி இல்லை. ஓடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் குனிந்து என் காலைத் தொட வந்தாள். "போ, போ, ஓடிக் காட்டு" என்று தோளைத் தட்டி அனுப்பினேன்.

வெளியூர் மைதானம். மூன்றாவது சுற்றில் விழுந்தாள். கூட ஓடிய பெண் ஒருத்தி பின்னால் சொன்னாள், குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, யாரோ தண்ணீர் பாட்டிலை மிதித்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம். எழுந்து ஓடு என்று ஓரத்தில் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். வினோதினி கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கிறது. அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றிருக்கிறார்கள். கூட வந்திருந்த அவள் அப்பா கேட்கவில்லை. "கஸ்தூரி மேடத்துக்கிட்டயே கொண்டு போயிரலாம்" என்று ஆம்புலன்ஸை எங்கள் மருத்துவமனைக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எலும்பின் தலைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகின்றன. என்மேல் இருந்த நம்பிக்கையால் மூன்று மணி நேரம் போனது.

ஜமால் சார் முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அன்று மாலையே திருகாணிகள் வைத்துப் பொருத்தினார். அறுவை அறையிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, என் அறையில் உட்கார்ந்தார். மேசையில் அந்த ஓ.பி. சீட்டு இருந்தது. அவள் அப்பா பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தது. சார் அதை இரண்டு பக்கமும் படித்தார். நான் அழத் தயாராக இருந்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "மாசாமாசம் வருதான்னு கேட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"தீட்டும்மா. கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி நர்ஸ விட்டுக் கேட்டேன். எட்டு மாசமா இல்லையாம். சாப்பாடு இல்ல, தீட்டு நின்னுருச்சு, ஓட்டம் மட்டும் கூடிக்கிட்டே போயிருக்கு. எலும்பு எத வச்சுத் தாங்கும்?" சீட்டை மேசையில் திரும்ப வைத்தார். "நான் ஆம்பள. நான் கேக்கக் கூச்சப்பட்டு விட்டிருந்தாக்கூட ஒரு பேச்சு. நீங்க கேட்டிருக்கலாம்."

எழுந்து போய்விட்டார். மேலிடத்துக்கு எழுதவில்லை. நானே எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கையோடு முடிந்தது. அது பெரிய தண்டனை இல்லை.

வினோதினியை ஐந்து மாதம் நான்தான் நடக்கப் பழக்கினேன். வேறு யாராவது பார்க்கட்டும் என்றேன், அவள் அப்பா ஒப்பவில்லை. ஊன்றுகோல், பிறகு கைத்தடி. அவள் அதிகம் பேச மாட்டாள், சொன்னதைச் செய்வாள். ஆறாம் மாதம் வலி திரும்பியது. எலும்பின் தலை செத்துக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு வயதில் மதுரையில் செயற்கை மூட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் எங்கள் மருத்துவமனைக்கு வரவில்லை.

நான் வேலையில் இருந்த மிச்ச நாட்களில் ஓடுகிற பெண் யார் வந்தாலும் சாப்பாட்டையும் மாதவிலக்கையும் கேட்டுவிட்டுத்தான் காலைத் தொட்டேன். தொடை மடிப்பில் வலி என்றால் முதலில் ஊன்றுகோல், பிறகுதான் பேச்சு. அப்படி ஒருத்திக்கு எம்.ஆர்.ஐ.யில் விரிசல் தெரிந்தது. தப்பித்தாள். அவள் நன்றி சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்று அவளுக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பின் அறந்தாங்கிக்குக் குடிவந்துவிட்டேன். இந்த வருடம் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் இருந்தவள் நிமிர்ந்தாள். வினோதினி. உயரமான நாற்காலி. இடது கால் சற்று முன்னால் நீட்டியிருந்தது.

"வாங்க மேடம். ஒக்காருங்க" என்றாள்.

கைரேகைக் கருவியில் என் விரல் பதியவில்லை. வயதானால் ரேகை தேய்ந்துவிடுகிறது. துணியால் என் விரலைத் துடைத்து, தன் விரலால் அழுத்திப் பிடித்தாள். மூன்றாம் முறை பதிந்தது. பின்னால் வரிசை நின்றது. இனி இவளைத் தேடி வர எனக்குத் தைரியம் இருக்காது என்று தெரிந்ததால் அங்கேயே சொன்னேன்.

"அந்தச் சீட்ட நான் எழுதியிருக்கக் கூடாது, வினோதினி. எல்லாத்தையும் கேட்டுட்டு எழுதியிருக்கணும்."

திரையைப் பார்த்தபடியே பேசினாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம். ஊசிய மறைச்சேன், நெசந்தான். ஆனா அது நின்னுபோனத மறைக்கல. எங்கம்மாட்ட சொல்லப் பயம். யாராச்சும் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

அச்சு இயந்திரம் என் சான்றை வெளியே தள்ளியது. எடுத்து, மடிக்காமல், உறையில் போட்டாள்.

"நான் எழுதாட்டி நீ ஓடியிருக்க மாட்டே" என்றேன்.

"ஓடியிருப்பேன் மேடம். வேற யாருகிட்டயாவது எழுதி வாங்கிட்டு ஓடியிருப்பேன்." உறையை நீட்டினாள். "ஆனா பயந்து பயந்து ஓடியிருப்பேன். ரெண்டாவது ரவுண்டுலயே வலி தாங்க முடியல. நின்னுரலாமான்னு பாத்தேன். அப்பத்தான் நெனச்சேன், கஸ்தூரி மேடமே ஓடலாம்னு எழுதியிருக்காங்கல்ல, ஒண்ணும் ஆகாதுன்னு. அதான் நிக்கல."

உறையை வாங்கிக்கொண்டேன். அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அடுத்து யாருங்க?" என்றாள்.